கத்திரி வெயிலை வீணாக்காதே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததில் பதில் போடத் தாமதமாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம் தானாகவே வாசல் வரை நடந்து போய், முருங்கை பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

நீ எழுதியதைப் படித்து மனசு கேட்கவில்லை. காய் பிடிக்கிற நேரத்தில் தக்காளிச் செடி பச்சையாகவே வாடித் தொங்கிப்போவதைப் பார்க்கிற வலி எனக்குத் தெரியும். கிணற்றடித் துண்டைத் தரிசாகவே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இந்த ஒரு கோடையை அந்த மண்ணுக்குக் கொடு; ஷீட்டால் மூடி வெயிலில் வேக வைத்து நோயைக் குறைக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வாடிய செடி இன்னும் நின்றால் ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பார். வேரில் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, வேருக்குள் புகுகிற கண்ணுக்குத் தெரியாத புழு. வேர் சுத்தமாக இருந்தால், தரையை ஒட்டித் தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அறுத்த முனை தண்ணீரைத் தொடும்படி பிடி. கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். ஒன்றும் இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் பூஞ்சாண வாடல். எது என்று தெரியாமல் கடையில் கொடுக்கிற மருந்தையெல்லாம் வேரில் ஊற்றாதே. நான் ஊற்றியிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மிளகாய் நாற்றங்கால் போனதை உனக்குச் சொன்னேனா? முளைத்துப் பத்து நாள்கூட இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் நாற்றெல்லாம் கழுத்தில் நூல் கட்டி இறுக்கிய மாதிரி சுருங்கி, பாத்தியில் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடந்தது. மருந்து ஊற்றி மறுபடி விதைத்தேன். மறுபடியும் அதே கதைதான். அந்தக் கோடையில்தான் பாலித்தீன் ஷீட் போட்டு மண்ணை வெயிலில் வேக வைக்கிற முறையைக் கையில் எடுத்தேன்.

முதல் தடவை இரண்டு தப்பு செய்தேன். செடியைச் சுற்றி மண்ணை மூட வாங்கியதில் மிச்சமிருந்த கறுப்பு மல்ச்சிங் ஷீட்டைப் போட்டேன்; காய்ந்த மண் மேலேயே போட்டேன். கறுப்பு ஷீட் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு விடாது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஷீட்தான் வேண்டும், கனம் 25 மைக்ரான் போதும். மண்ணில் ஈரமும் வேண்டும். ஈரம்தான் சூட்டைக் கீழே கொண்டுபோகும். ஈரத்தில் ஊறி விழித்த களை விதையும் பூஞ்சாணமும்தான் சூட்டில் சீக்கிரம் சாகும். காய்ந்து உறங்குகிற விதை எளிதில் சாகாது.

அடுத்த வருஷம் ஒழுங்காகச் செய்தேன். கட்டி இல்லாமல் உழுது, கல்லும் கட்டையும் பொறுக்கி, பாத்தி போட்டு, நன்றாகத் தண்ணீர் கட்டி, மறுநாள் ஷீட்டை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரமும் பள்ளம் எடுத்துப் புதைத்தேன். காற்று உள்ளே போனால் சூடு போய்விடும். சித்திரை தொடங்கி கத்திரி முடிய ஆறு வாரம். மத்தியானம் போய்ப் பார்த்தால் ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன்: இரண்டு அங்குலத்தில் 51 டிகிரி, ஒரு ஜாண் ஆழத்தில் 41. அந்த 41-தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உடனே கொல்லாது, ஆனால் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் நோய்க் கிருமி நலிந்துபோகும். ட்ரைக்கோடெர்மா மாதிரி நல்ல பூஞ்சாணங்கள் அதைவிடச் சீக்கிரம் தேறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் தாத்தாக்கள் கோடை உழவு போட்டதும் வெயிலை நம்பித்தான். ஷீட் போடுகிற முறையை இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் அவரோடு இருந்தவர்களும் 1976-இல் எழுதி வெளியிட்டார்கள். பணக்கார நாடுகளில் அப்போது கிருமியைக் கொல்ல மெத்தில் புரோமைடு வாயுவை மண்ணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது ஓசோனை அரிக்கிறது என்று, ஓசோனைக் காக்க நாடுகள் போட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்த்து, வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் நம்மைப் போன்ற நாடுகள் 2015-க்குள்ளும் விவசாயத்தில் நிறுத்த வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

களையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாரணையும் சின்னப் புல்லும் எனக்கு அந்த வருஷம் பேருக்குத்தான் முளைத்தன. கோரை மட்டும் அடங்கவில்லை. கிழங்கு ஆழத்தில் இருக்கிறது. ஷீட் எடுத்த இரண்டாம் வாரமே ஊசி ஊசியாக வந்துவிட்டது. கோரைக்காக மட்டும் ஷீட் வாங்காதே.

உன்னுடையது பாக்டீரியா வாடலாக இருந்தால் ஷீட்டை மட்டும் நம்ப முடியாது, அந்தக் கிருமி ஆழத்தில் பிழைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இரண்டு போகம் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வைக்காதே. தண்ணீர் இருந்தால் ஒரு போகம் நெல் நட்டுத் தண்ணீர் நிறுத்து, நூற்புழுவும் குறையும். கத்தரி வைத்தே ஆக வேண்டும் என்றால் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டிய நாற்றாக வாங்கு.

ஜப்பானில் மண்ணில் தவிட்டைக் கலந்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மூன்று வாரம் ஷீட்டால் மூடி வைக்கிறார்கள். காற்றில்லாமல் தவிடு புளிக்கும்போது உண்டாகிற அமிலங்கள் கிருமியைக் கொல்கின்றன. போன வருஷம் ஒரு பாத்தியில் செய்து பார்த்தேன். ஷீட்டைத் தூக்கினதும் சாக்கடை நாற்றம், ஆனால் அந்தப் பாத்தி நாற்றில் ஒன்றுகூடச் சாயவில்லை. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, சென்ட்டுக்கு 40 கிலோ தவிடு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் மாட்டுக்கு மிஞ்சாது. நாற்றங்காலுக்குச் சரி.

நீயும் எடுத்த எடுப்பில் முழுத் துண்டுக்கும் செய்யாதே, ஐந்து சென்ட் போதும். ஷீட் எடுத்த பிறகு ஆழ உழவு வேண்டாம்; வேகாத மண்ணும் களை விதையும் மேலே வந்துவிடும். மக்கிய எருவில் ட்ரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, ஏக்கருக்கு ஒரு கிலோ கணக்கில் தூவு. ஷீட்டை வரப்பில் போட்டுக் கொளுத்தாதே மாப்ளே. கிழியாமல் சுருட்டி நிழலில் வைத்தால் இன்னொரு கோடைக்கு வரும்.

சித்திரை முதல் ஞாயிறு அங்கே வருகிறேன். அதற்குள் உழுது வைத்துவிடு. ஷீட்டையும் தெர்மாமீட்டரையும் நான் கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல். அம்மாவும் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் நண்பன்