வாய் உலர்வதற்கும் எரிவதற்கும் தண்ணீர் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாயில் எந்தக் கோளாறு வந்தாலும் பழி போர்வெல் தண்ணீர் மீதுதான் விழுகிறது. பல்லில் பழுப்புக் கறை படிவதற்கு அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற தாது காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கறை பெரும்பாலும் 8 வயதுக்குள், பல் தாடைக்குள் உருவாகும்போதே விழுந்துவிடும். 45 வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்குப் புதிதாக வாய் உலர்ந்து, நாக்கு எரிந்து, ஈறில் ரத்தம் கசிந்தால், மாதவிடாய் நிற்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது பலருக்கு எச்சிலும் குறைகிறது. உணவுத் துணுக்கைக் கழுவி, அமிலத்தை முறிப்பது எச்சில்தான். அது வற்றினால், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரில் சொத்தை விழும். பல்லைக் காக்கும் கடினமான மேல்பூச்சான எனாமல் வேரில் கிடையாது, சீக்கிரம் அரித்துவிடும். செங்கல் பொடி, சாம்பல் போட்டுத் தேய்த்தால் அந்த இடத்தில் பள்ளமே விழும். வாய் காய்கிறதே என்று புளிப்பு மிட்டாய் சப்புவதும் கெடுதல். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே போதும்.

நாக்கு எரிச்சல் நுனியிலும் ஓரத்திலும் இருக்கும், பொழுது சாயச் சாயக் கூடும். பார்த்தால் புண் தெரியாது. அதனாலேயே வீட்டில் யாரும் நம்புவதில்லை. இது வேதனையான விஷயம். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, பூஞ்சைத் தொற்று இவற்றாலும் எரியும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை தேவை. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ, 2 வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதே என்று பேஸ்ட்டை ஒதுக்குகிறார்கள். பெரியவர்கள் துப்பிவிடுவதால் அந்தப் பயம் வேண்டாம். ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம்முக்கு (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குறையாத பேஸ்ட், மென்மையான பிரஷ், இரவிலும் 2 நிமிடம். நுரையைத் துப்பியதும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பகலில் ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை இன்னும் உலர்த்தும்.

மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுப்பவர்கள், பல் பிடுங்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாகச் சிலருக்குப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகிறது. தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு. மருந்து தொடங்கும் முன்பே பல் வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தரும் ஊழியர்கள், "வாய் காய்கிறதா? நாக்கு எரிகிறதா? பல் ஆடுகிறதா?" என்று 45 தாண்டிய பெண்களிடம் கேட்டு, 'ஆம்' என்றால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்பச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் சிலர்,
தர்மபுரி.