அரசு அவைகளில் அமர்ந்திருக்கும் ஆலிம்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்க்க அறிஞர்களாகிய மரியாதைக்குரிய ஆலிம் பெருமக்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

அரசாங்கங்கள் அமைத்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழுக்களிலும் மார்க்க அவைகளிலும் இருக்கும் உங்களுக்கு, பள்ளிவாசலில் மிம்பர் மேடைக்குக் கீழே உட்கார்ந்து குத்பா என்னும் ஜும்ஆ உரை கேட்கிறவர்களில் ஒருவன் எழுதுகிறேன். பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வாருங்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சுலபம். நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை என்று வந்துவிட்டால் காழி என்னும் மார்க்க நீதிபதி இல்லாமல் எந்தச் சமுதாயத்துக்கும் காரியம் நடந்ததில்லை. நீங்கள் தரும் தீர்ப்பு கிதாபிலிருந்து, அதாவது மார்க்க நூலிலிருந்து வருகிறதா, மேலிடத்திலிருந்து வருகிறதா என்று எங்களால் பிரித்தறிய முடியாமல் போய்விட்டது. என் முறையீடு இவ்வளவுதான்.

1990இல் சவூதி தலைநகர் ரியாதில் பெண்கள் சிலர் துணிந்து கார் ஓட்டிச் சென்றார்கள். பெண்கள் வாகனம் ஓட்டுவது கூடாது என்று ஃபத்வா வந்தது. 2017 செப்டம்பரில் அந்தத் தடையை நீக்கி அரச ஆணை வெளியானது. மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதுமில்லை என்பதே அந்நாட்டு மூத்த உலமா (ஆலிம்கள்) சபையின் பெரும்பான்மையோர் கருத்து என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. பின்னது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கருத்தை மாற்றிக்கொள்வதும் குற்றமில்லை, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கே பழைய கருத்து, புதிய கருத்து என்று இரண்டு உண்டு. ஆனால் அவர் யாருடைய ஆணைக்காகவும் காத்திருந்து மாற்றிக்கொள்ளவில்லை.

மன்னராட்சியின் நோய் இது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. துருக்கியில் கிலாஃபத்தை, அதாவது கலீஃபா பதவியை ஒழித்த அதே நாளில், 1924 மார்ச் 3 அன்று, மத விவகாரங்களுக்கென்று ஓர் அரசுத் துறையையும் உண்டாக்கினார்கள். மதத்தை அரசிலிருந்து விலக்குகிறோம் என்றவர்கள் இமாம்களை மட்டும் கைவிட்டுவிடவில்லை. 1932இல் பாங்கைத் துருக்கி மொழியில் சொல்ல வைத்தது அந்தத் துறைதான். 1950இல் ஆட்சி மாறியதும் அரபி பாங்குக்கு இருந்த தடை நீங்கியது. பாங்கு எந்த மொழியில் ஒலிக்க வேண்டும் என்பது தேர்தல் முடிவைப் பொறுத்த விஷயமாகிவிட்டது, பாருங்கள்.

ஆட்சியே ஃபகீஹ் என்னும் மார்க்கச் சட்ட அறிஞரின் கைக்கு வந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று நம்பியவர்களும் உண்டு. ஈரானில் 1979இல் அது நடந்தது. 1988 ஜனவரியில் இமாம் கொமெய்னி எழுதிய மடலொன்றில், இஸ்லாமிய ஆட்சியின் அதிகாரம் தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றுக்கும் முந்தியது என்றார். எந்த சுல்தானும் இவ்வளவு துணிந்து கேட்டதாக நான் படித்ததில்லை.

இமாம் அஹ்மத் இப்னு ஹம்பல் (ரஹ்) வாங்கிய சவுக்கடியை நீங்கள் மிம்பரில் சொல்லாத வருடமில்லை. ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன் காழிகளையும் அறிஞர்களையும் அழைத்து, குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொன்னதும், பெரும்பாலோர் தலையாட்டியதும், மறுத்த இமாமைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுபோனதும், அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் அடித்ததும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறீர்கள். அதன் பின்பாதிதான் உங்களுக்கு வேண்டியது. முதவக்கில் ஆட்சிக்கு வந்தார், அந்த விசாரணையை முடித்தார், இமாமை மதித்தார், பணமும் அனுப்பினார். இமாம் அதைத் தொடவில்லை. தம் பிள்ளைகள் அரசு உதவித்தொகை வாங்கியது பிடிக்காமல் அவர்களோடு ஒட்டுறவைக் குறைத்துக்கொண்டார். மகன் வீட்டு அடுப்பில் சுட்ட ரொட்டி என்று தெரிந்ததும் சாப்பிட மறுத்தார் என்றும் அறிவிப்புகள் உண்டு. சவுக்கைப் பொறுத்துக்கொண்டவர் ரொட்டிக்கு அஞ்சினார்.

உங்களை ஒவ்வொருவராக இமாம் அஹ்மதோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமல்ல, அது எனக்கும் தெரியும். இமாமுக்குப் பின் வந்த தலைமுறைகளுக்கு வக்ஃபு என்னும் அறக்கொடைச் சொத்து இருந்தது. நிலமும் கடைகளும் மதரஸாவுக்கென்று எழுதி வைக்கப்பட்டிருந்ததால், அமீர் முகம் சுளித்தாலும் உஸ்தாதின் வீட்டில் உலை கொதித்தது. (அந்த வக்ஃபுகளை எழுதி வைத்தவர்களில் அமீர்களும் உண்டு என்பது வேறு கதை.) எகிப்தில் முஹம்மத் அலீ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வக்ஃபு நிலங்களில் கை வைத்தார், உஸ்மானியர்கள் 1826இல் வக்ஃபுகளுக்குத் தனி அமைச்சகம் அமைத்தார்கள். சொத்து போனது, சம்பளம் வந்தது. கெய்ரோவின் பழம்பெரும் மார்க்கக் கல்விக்கூடமான அல்அஸ்ஹரை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு வெகு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, அதன் தலைவரான ஷைகுல் அஸ்ஹரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அங்குள்ள மூத்த உலமா சபையிடமே கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் கஜானாச் சாவி கைமாறாமல் இருக்கும்வரை தேர்தலால் மட்டும் எவ்வளவு ஆகும்?

பதவியில் இருந்துகொண்டே செய்ய முடிந்ததும் உண்டு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) காழிப் பதவியை மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) ஹாரூன் ரஷீதிடம் தலைமைக் காழியாக இருந்தார்கள். இருவரில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கலீஃபாவுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் என்ற வரி பற்றிய நூலில் அபூ யூசுஃப், வரி வசூலிப்பவர்கள் குடிமக்களை வெயிலில் நிறுத்துகிறார்கள், அடிக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதி, அதை நிறுத்தச் சொன்னார். கலீஃபா கேட்டது வரியைப் பற்றி. அவர் வரி கொடுக்கிறவனின் முதுகையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். உங்கள் அவைகளிலிருந்து அரசைப் பார்த்து அப்படி ஒரு வாக்கியம் வந்து எவ்வளவு காலமாயிற்று?

பெரிய சீர்திருத்தம் எதையும் உடனே எதிர்பார்க்கவில்லை. அவையின் தீர்ப்பை வெளியிடும்போது அதன் ஆதாரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். கேள்வியை யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அவையில் உடன்படாதவர் இருந்தால் அவருடைய கருத்தையும் பெயரோடு அச்சிடுங்கள். நான்கு மத்ஹபுகளின் (மார்க்கச் சட்ட வழிகளின்) கிதாபுகளிலும் மாற்றுக் கருத்துக்கு இல்லாத இடமா? அடுத்து வரும் தீர்ப்பிலேயே இதைத் தொடங்கலாம். யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வக்ஃபுகளை மீட்கும் பேச்சு நீளமானது, அதற்கு வழக்கறிஞர்களும் வேண்டும். அதை அடுத்துப் பேசுவோம்.

வஸ்ஸலாம்.