அச்சுக்காரரின் இரவு விடுதி

துபாய்,
21 ஏப்ரல் 2024.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீயும் தங்கச்சியும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் நோன்பு தொடங்கும் முன்பே வந்துவிட்டது. நான் பதில் போடாததற்கு நீ என்னென்ன சொல்லித் திட்டினாய் என்பதைப் பல்லடத்தார் தொலைபேசியில் ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டார். 16ஆம் தேதி இங்கே கொட்டிய மழையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். 1949இல் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு இந்த நாடு கண்ட பெருமழை இதுதான் என்கிறார்கள். கிடங்கில் தண்ணீர் புகுந்தது. சோபாத் துணி உருளைகள் மேல்தட்டில் இருந்ததால் தப்பின. மழைக் கதை இவ்வளவு போதும்.

எழுத வைத்தது வேறு செய்தி. இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ரொபெர்தோ கவாலி 12ஆம் தேதி ஃப்ளாரன்ஸில் காலமாகிவிட்டார், வயது 83. யார் அது என்று கேட்காதே. நம் அச்சு ஷெட்டில் அடித்த சிறுத்தைப் புள்ளி ஆர்டரை நினைத்துக்கொள். பையர் கொடுத்த சாம்பிளைப் பார்த்து, “இது சிறுத்தையா, அம்மை போட்ட பூனையா?” என்று மேஸ்திரி கேட்டாரே, அந்தச் சாம்பிளுக்கெல்லாம் மூலவர் இவர்தான். உலகம் முழுவதும் பனியனில், பாவாடையில், செருப்பில் சிறுத்தைப் புள்ளியும் வரிக்குதிரைக் கோடும் பாம்புத் தோலும் ஏறியதற்குக் காரணமானவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். அவர் பெயரில் இந்த ஊரில் ஓர் இரவு விடுதி இருந்தது என்பதையும், அதற்குள் நான் போனதையும் உனக்கு முழுமையாகச் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கு உன் மூத்தவனும் ஒரு காரணம். அவன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கவாலி கிளப் 2009இல் திறந்தது, ஷேக் ஸாயித் சாலையில் வர்த்தக மையத்துக்கு எதிரே இருக்கும் ஃபேர்மான்ட் ஓட்டலுக்குள். இங்கே மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் ஓட்டல்களுக்குத்தான் கிடைக்கும். அதனால் இந்த ஊரின் பெரிய இரவு விடுதிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு நட்சத்திர ஓட்டலின் வயிற்றுக்குள்தான் இருக்கும். திறந்த ஆண்டைக் கவனி. அந்த நவம்பரில்தான் துபாய் அரசின் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டு உலகச் சந்தைகளையே ஆட்டியது. வீட்டு விலை சரிந்து, பாதியில் நின்ற கட்டடங்களின் மேல் கிரேன்கள் அசையாமல் நின்ற காலம். எங்களைப் போன்ற உள்ளலங்கார வேலைக்காரர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அதே சாலையில் கூரையிலிருந்து ஸ்வரோவ்ஸ்கி படிகச் சரங்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும் ஓர் இடத்தைத் திறந்தார்கள். இந்த ஊருக்கு வெட்கம் கிடையாது என்று நீ சொல்வாய். எனக்கு அதன் துணிச்சல் பிடித்திருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு இருக்கைத் துணி பற்றிய ஒரு விசாரிப்புக்காக எங்கள் முதலாளி என்னை அங்கே அனுப்பினார். ஊரெல்லாம் அந்த இடத்துக்கு நள்ளிரவில் போகும். நான் போனது காலை பத்து மணிக்கு, கையில் அளவு நாடாவோடு. சுத்தம் செய்வதற்காக எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார்கள். இரவில் ஒரு சரத்தின் மேல் ஒளிக்கற்றை விழுந்து நூறாகச் சிதறும் அந்தப் படிகங்கள் அப்போது பகல் நேரத்துத் திருவிழா சீரியல் செட் போல வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. படிகம் என்பது நன்றாகப் பட்டை தீட்டிய கண்ணாடிதான். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால்தான் அது வேலை செய்யும். பிள்ளைகள் ஏணி மேல் நின்று சரம் சரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாலைவனத்துத் தூசி குளிரூட்டிக் குழாய் வழியாகக்கூட வந்து படியும் என்பதால் அந்த வேலைக்கு முடிவே இல்லை என்று ஒருவன் சொன்னான்.

ஆனால் நான் நின்று பார்த்தது படிகத்தை அல்ல. கறுப்புச் சுவரும் கறுப்புத் தரையுமாக இருந்த அந்தக் குகைக்குள் திரும்பிய இடமெல்லாம் அச்சு: சாய்விருக்கையில், திண்டில், மெத்தையில் வரிக்குதிரையும் சிறுத்தையும். நீ சொல்லிக் கொடுத்த பழக்கம் விடுமா? ரிப்பீட், அதாவது அதே டிசைன் மறுபடி வரும் இடம், எங்கே தொடங்குகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். ஒரு சோபாவின் மேல் குனிந்து, ஒரு புள்ளியை விரலால் குறித்துக்கொண்டு, அதே புள்ளி மறுபடி எங்கே வருகிறது என்று தடவிக்கொண்டே போனேன். தையலில் கோடும் கோடும் சேரும் இடத்தைக் கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தேன். காவலர் வந்து என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டார். ரிப்பீட்டைத் தேடுகிறேன் என்று அந்த நைஜீரியக்காரரிடம் எப்படிச் சொல்வது? மோதிரம் என்று சொல்லிவிட்டேன். அவரும் டார்ச்சோடு மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார், பாவம்.

அன்று மாலைதான் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது, மாப்பிள்ளை. தாத்தா ஜூசெப்பே ரோஸி ஓவியர். அவருடைய படங்கள் ஃப்ளாரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தந்தையை 1944இல் ஜெர்மானியப் படையினர் சுட்டுக் கொன்றபோது ரொபெர்தோவுக்கு நான்கு வயது நிரம்பவில்லை. கலைப் பள்ளியில் படித்த காலத்திலேயே பின்னல் துணியில் பூக்களை அச்சிட்டிருக்கிறார். அதைப் பார்த்து இத்தாலியப் பின்னலாடை ஆலைகள் அவரைத் தேடி வந்திருக்கின்றன. பின்னல் துணியில், மாப்பிள்ளை! நம் பனியன் துணியில்! இழுத்தால் நீளும் துணியில் அச்சு நிற்க வைப்பது என்ன பாடு என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? 1970களின் தொடக்கத்தில் மெல்லிய தோலின் மேல் அச்சிடும் முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கினார். பிரான்ஸின் பெரிய ஃபேஷன் பெயர்களான ஹெர்மேஸும் பியர் கார்தனும் அவருக்கு வேலை கொடுத்தார்கள். அதாவது அவரும் முதலில் அடுத்தவருக்குக் கூலிக்கு அச்சடிக்கும் ஜாப் ஒர்க் செய்தவர்தான். 1972இல் பிரான்ஸின் கடற்கரை ஊரான சான் திரோபேயில் முதல் கடை. பிறகு எல்லோரும் சாம்பலும் கறுப்புமாக எளிமையை உடுத்திய 1980களில் அவருடைய பூவையும் புலியையும் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1990களில் மணல் வீசித் தேய்த்த ஜீன்ஸோடும் இறுகிப் பிடிக்கும் ஜீன்ஸோடும் திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் நாமெல்லாம் கேள்விப்பட்ட கவாலி.

இரவில் அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்பாய், அதையும் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் தயவில் ஒருமுறை போனேன். தங்கச்சி பக்கத்தில் இருந்தால் இந்தப் பத்தியைச் சத்தமாகப் படிக்காதே. வாசலில் பட்டியல், இருபத்தொரு வயதுக்குக் கீழே இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். பெண்களுக்குச் சில இரவுகளில் இலவசம், ஆண்களுக்கு எந்த இரவும் இலவசம் இல்லை. மேசையில் உட்கார வேண்டுமானால் இத்தனை திர்ஹத்துக்குக் குறையாமல் செலவழிப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய புட்டி வாங்குகிறவர்களுக்கு அதன் மேல் மத்தாப்பு கொளுத்தி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள், யார் வாங்கினார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்காக. கவாலி பெயரிலேயே வோட்கா, கவாலி குடும்பத்தின் தோஸ்கானாத் தோட்டத்துத் திராட்சை மது. சாப்பாடு இத்தாலியச் சாப்பாடு. நன்றாக இருந்தது, அளவுதான் நம் மேஸ்திரியின் முதல் வாய்க்குக் காணாது. அப்போதெல்லாம் நோன்பு மாதத்தில் பாட்டும் ஆட்டமும் நின்றுவிடும். மற்ற நாட்களில் அதிகாலை மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதை மட்டும் பார்த்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. 2010இல் புர்ஜ் கலீஃபாவுக்குள், இன்னொரு இத்தாலிய வடிவமைப்பாளரான அர்மானியின் பெயரில் அர்மானி ஓட்டல் திறந்தது. அதற்குள்ளும் அர்மானி ப்ரிவே என்று ஓர் இரவு விடுதி. அது முழுக்க வேறு குணம். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், சத்தமில்லாத கோடுகள், அர்மானி வடிவமைத்த கோட்டு உடையைப் போலவே உள்ளேயிருக்கும் விறைப்பை எடுத்துவிட்ட அலங்காரம். பிறகு ஓடைக்கரையில் பலாஸ்ஸோ வெர்சாச்சே ஓட்டல் வந்தது. அங்கே வெர்சாச்சேயின் சின்னமான மெதுசாத் தலை இல்லாத பொருளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இத்தாலியில் ஆண்டுக்கு இரண்டு முறை மேடையில் சில நிமிடம் காட்டுவதை இந்த ஊரில் தினமும் உட்கார்ந்து, சாப்பிட்டு, படுத்துப் பார்க்கலாம். துணி வாங்க வசதியில்லாதவனும் ஒரு காபி வாங்கிவிட்டு அந்தப் பெயருக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். அந்தக் கணக்கை இந்த ஊர் நன்றாகப் புரிந்துகொண்டது.

இனிமேல்தான் உனக்கு நான் சொல்ல வேண்டியது. 2015இல் கவாலி தன் நிறுவனத்தின் 90 சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 2019இல் அந்த நிறுவனம் கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. அமெரிக்கக் கடைகளை எல்லாம் மூடியது. அதே ஆண்டு அதை வாங்கியவர் யார் என்று நினைக்கிறாய்? இந்த ஊரின் தமாக் கட்டுமான நிறுவனத்தை நடத்தும் ஹுசைன் சாஜ்வானி, தன் சொந்த முதலீட்டு நிறுவனத்தின் வழியாக. இப்போது அந்தப் பெயரில் மெரினாப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கோபுரமே அறிவித்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் துணிக்காகப் பெயர் வந்தது. பிறகு அந்தப் பெயருக்காகக் கூட்டம் விடுதிக்கு வந்தது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கான்கிரீட்டை விற்கிறார்கள். வாங்கியவரை நான் குறை சொல்லவில்லை, அவர் விலை கொடுத்து வாங்கினார். ஆனால் அச்சுக்காரர் அதற்கு முன்பே வெளியே போய்விட்டார். அர்மானியைப் பார், வயதான பிறகும் நிறுவனத்தை விற்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

உன் மூத்தவன் அச்சு டேபிள்களைப் பிரித்துவிட்டு, ஷெட்டை அடமானம் வைத்து, கோயம்புத்தூரில் காபிக் கடையோடு சேர்ந்த ஷோரூம் திறந்து ‘பிராண்டு’ நடத்தப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு உதாரணம் இந்த ஊர்தானாம். என்னிடம் கேட்டால் நான் ஆதரிப்பேன் என்று வேறு சொல்லியிருக்கிறான். மருமகன் கெட்டிக்காரன். ஆசையிலும் தவறில்லை, நம் ஊர்க்காரன் காலமெல்லாம் அடுத்தவன் பெயரை அச்சடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீயும் அவனைப் பார்த்துப் பயந்துதான் மறுக்கிறாய், யோசித்து மறுக்கவில்லை. ஆனால் கவாலி கடைசியில் செய்ததை இவன் முதலில் செய்யப் பார்க்கிறான். அவர் முதல் கடை திறப்பதற்கு முன்பே தோலில் அச்சிடும் முறையைக் கையில் வைத்திருந்தார். கிளப் திறந்தபோது அவருக்கு வயது 68. இவனிடம் இப்போது இருப்பது லோகோ மட்டும். அதையும் கணினியில் யாரோ வரைந்து கொடுத்திருப்பான்.

அதனால் ஷெட்டை அடமானம் வைக்க வேண்டாம். இரண்டு டேபிள்களையாவது அவன் பெயருக்கு விடு. ஜாப் ஒர்க்குக்கு இல்லாமல், அவன் விருப்பப்பட்ட டிசைனை அவனே ஸ்கிரீன் எடுத்து, அவனே கலர் கலந்து, அவனே கலரை இழுக்கும் ஸ்குவீஜி பிடித்து அடிக்கட்டும். வேறு எங்கும் இல்லாத ஏதாவது ஒன்று அந்த டேபிளிலிருந்து வந்தால் முதல் ஆயிரம் துண்டுக்கு நானே பணம் போடுகிறேன், எழுதித் தருகிறேன். வரவில்லை என்றால் காபிக் கடை மட்டும் திறக்கட்டும். காபி நல்ல தொழில்.

விடுமுறைக்கு அவனை இங்கே அனுப்பு. விசா, தங்கும் இடம் என் பொறுப்பு. ஜூன் வந்துவிட்டால் வெயில் தாங்காது, அதற்குள் அனுப்பு. வரும்போது நம் சிறுத்தை ஆர்டரின் ஸ்ட்ரைக்-ஆஃப், அதாவது மாதிரிக்கு அடித்த துணி, இன்னும் பரணில் கிடந்தால் கொடுத்துவிடு, ரிப்பீட் எத்தனை அங்குலம் வைத்தோம் என்பதில் பல்லடத்தாரோடு எனக்கு ஒரு பந்தயம் இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அந்த எண்ணெய் வேலை செய்ததா என்பதையும் எழுது.

இப்படிக்கு,
உன் மச்சான்.