ஓங்கல் மேல் நின்று ஓங்கல் பார்த்தோம்

என்னிஸ், அயர்லாந்து
செப்டம்பர் 20

ஏட்டி செல்வி,

எட்டு மாசம். பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை. நைட் டூட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று எதையாவது சொல்லலாம். உண்மை அதுவல்ல. எழுத உட்கார்ந்தால் அப்பாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டேன். இப்போது அதே அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாமல் உன்னிடம் ஓடி வந்திருக்கிறேன்.

நீ கேட்ட மற்றதற்கெல்லாம் பதில்: பெரியவளுக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்று. சின்னவன் இன்னும் சோற்றைக் கண்டால் ஓடுகிறான். அவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. கிட்டு அண்ணன் கல்யாணத்துக்கு வராததற்கு நீயே அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடு. நீ கேட்டால் அவர் எதையும் மறப்பார், ஏன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அப்பா ஜூன் கடைசியில் வந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இனிமேல் தொழிலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் வள்ளத்தை விற்றாரே, அன்றிலிருந்து கரைப்பக்கம் தலைவைக்கவில்லை என்று நீதானே எழுதினாய். மணப்பாட்டில் குடியிருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருக்க எத்தனை பிடிவாதம் வேண்டும்! இங்கேயும் அதே கதைதான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். "சாப்பிட்டீங்களா", "ம்". "தூங்குனீங்களா", "ம்". ஐந்து வாரம் இப்படி ஓடியது. நோயாளிகளிடம் நாள் முழுக்கப் பேச்சுக்கொடுக்கிற எனக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஒரு லீவு நாளில் மோஹருக்கு அழைத்துப் போனேன். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடம், எங்கள் கிளேர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அட்லாண்டிக் கரையில் 8 கிலோமீட்டருக்குச் செங்குத்தான பாறைச்சுவர், உயர்ந்த இடத்தில் 214 மீட்டர். ஒன்பதாம் வகுப்பில் நாம் நெட்டுருப் போட்டோமே, "ஓங்கல், குகை, வளைவு, தூண்", அந்த முதல் சொல் கண் முன்னால் நிற்கிறது. அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஆனால் பாதையோரம் தடுப்பாக நிறுத்தியிருந்த பலகைக் கல்லில் அவர் கை நின்றது. அந்த ஊர்க் கல்லில் நெளிநெளியாகத் தடங்கள் இருக்கும். அதை விரலால் தடவிக்கொண்டே, "சேத்துல ஏதோ ஊர்ந்துபோன தடம்மா இது. முகத்துவாரத்துச் சேறு" என்றார்.

நான் அசந்துபோனேன். 32 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பெரிய ஆறு ஒன்று கடலில் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் சேறும் இறுகித்தான் அந்தச் சுவர் எழும்பியது, அந்தத் தடங்கள் அப்போது சேற்றில் ஊர்ந்த பிராணிகளுடையவை. அறிவிப்புப் பலகையைப் படித்துத்தான் எனக்கு இது தெரியும். அப்பா கையால் படித்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது செல்வி. லீவு கிடைத்த நாளெல்லாம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கடலோரமாகவே போனேன். இங்கே வடக்கே ஒரு முனையிலிருந்து தெற்கே கின்சேல் வரை 2,500 கிலோமீட்டருக்கு இந்தக் கரையோரச் சாலைக்கு 2014-ல் ஒரே பேர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது அதில் ஒரு துண்டுதான்.

ஆகஸ்ட் கடைசியில் லூப் ஹெட் தீபகற்பத்தில் 'பிரிட்ஜஸ் ஆஃப் ராஸ்' என்ற இடம். நடந்துபோகையில் ஒன்றும் தெரியாது, வெறும் புல்தரை. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால்தான் காலுக்குக் கீழே கடல் போய்வருகிறது, நாம் வந்தது ஒரு பாலம் என்று புரியும். உன் பாடப்புத்தகத்து 'கடல் வளைவு'. அப்பா கேட்டார்:

"பாலங்கள்ன்னு சொன்ன, ஒண்ணுதான இருக்கு?"

"மூணு இருந்துச்சாம்ப்பா. ரெண்டு விழுந்துட்டு. பேரு மட்டும் அப்படியே நிக்குது."

அவர் புல்லில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் பேச்சில்லை. குளிருகிறதே, கிளம்பலாமா என்று நான் வாயெடுக்கப் போகையில் அவர் தொடங்கினார். அலையை எண்ணச் சொன்னார். அலை பாறை இடுக்குக்குள் போகிறபோது உள்ளே இருக்கிற காற்று மாட்டிக்கொண்டு நசுங்கும், அலை வாங்குகையில் வெடித்து வெளியே வரும், அந்த வெடிதான் பாறையைப் பிளக்கிறது, தண்ணீர் மட்டும் இந்த வேலையைச் செய்யாது என்று கையை மூடித் திறந்து காட்டினார். முனையின் இரண்டு பக்கமும் குடைந்து குடைந்து உள்ளே குகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் வளைவு, கூரை விழுந்தால் மிச்சம் தூண் என்று நீ கரும்பலகையில் படம் போடுவாய். பள்ளிக்கூடம் பக்கம் போகாத மனிதர் காதால் கேட்டே அதைச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு அங்கே பறவை பார்க்கிற ஆட்கள் பத்துப் பேர் தொலைநோக்கி வைத்துக் காத்திருந்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் நடுக்கடல் பறவைகள் இந்தக் கரையை ஒட்டி ஒதுங்கிப் போகும். தென் அட்லாண்டிக் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறவையும் அவற்றில் உண்டு. அப்பா முகத்தைத் திருப்பிக் காற்றைப் பிடித்துவிட்டு, "வாடையும் கச்சானும் கலந்து வருது, இன்னும் ஏறும்" என்றார். வடக்கும் மேற்கும் கலந்த காற்று என்று நான் மொழிபெயர்த்தேன். ஏறியது. அதற்கப்புறம் ஒரு தாத்தா தன் தொலைநோக்கியை அப்பாவிடமே கொடுத்துவிட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து டீயும் ஊற்றித் தந்தார்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். கடல் ஓங்கல் என்றால் என்ன என்று டீச்சர் கேட்டபோது, கடற்கரைப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும், "துள்ளித் துள்ளி வரும் டீச்சர், வலையில பட்டா விட்டுரணும்" என்று சொன்னோம். முதல் பெஞ்சில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தவள் நீ. அதற்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. பாலத்தைப் பார்த்த அன்றே சாயங்காலம் லூப் ஹெட் முனையில், கலங்கரை விளக்கத்துக்கு அந்தப் பக்கம் ஓங்கலின் மேல் நிற்கிறோம். ஷானன் ஆறு கடலில் சேர்கிற இடம் அது. அந்த வாய்க்குள் நூற்றுக்கும் மேல் டால்பின்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஓங்கல்! எம்மா, ஓங்கல்!" என்று கத்தினார். மூன்று முதுகுகள். உன் ஓங்கல் மேல் நின்று எங்கள் ஓங்கலைப் பார்த்தோம். அந்தச் சொல்லுக்கு நீயும் சரி, நாங்களும் சரி.

சரி, எழுதத் தயங்கிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் மேயோ மாவட்டத்துக்குப் போனோம், மூன்று மணி நேரத்துக்கு மேல் கார். டவுன்பாட்ரிக் முனை. கரையைவிட்டுப் பிரிந்து தனியாக ஒரு தூண் நிற்கிறது, ஏறத்தாழ 45 மீட்டர் உயரம், தலையில் புல். ஐரிஷில் 'டூன் பிரிஷ்டே', உடைந்த கோட்டை என்று அர்த்தம். 1393-ல் ஒரு பெரும்புயலில் வளைவு இடிந்து விழுந்து அது கரையைவிட்டுப் பிரிந்தது என்கிறார்கள். அதன் மேல் குடியிருந்தவர்கள் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள், பிறகு கயிறு கட்டி மீட்டார்கள் என்பது ஊர்க்கதை. 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கியபோது கல் கட்டடங்களின் மிச்சம் உண்மையாகவே இருந்தது. நான் இதைச் சொல்லச் சொல்ல அப்பா அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு சோடி போட்டோ எடுக்க விளிம்புக்குப் போனது. அப்பா தமிழிலேயே, "ஏய், பின்னால வாங்கல! கீழ பொந்து!" என்று போட்ட சத்தத்தில் அவர்கள் அர்த்தம் புரியாமலே பின்வாங்கினார்கள். அவர் கை நடுங்கியது. உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி முழுக்க அதுக்கு மேல நின்னவங்க இந்தக் கரையத்தான பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றார்.

நாம் ஏழாம் வகுப்பு படிக்கையில் இஞ்சின் நின்று அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு ராத்திரி கடலில் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய். மூன்றாம் நாள் காலையில் வந்து, கருப்பட்டித் தண்ணி குடித்துவிட்டுத் தூங்கினார். அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. அதை அந்தப் பாறைமேல் உட்கார்ந்து முழுசாகச் சொன்னார். முதல் ராத்திரி மணப்பாட்டு லைட்ஹவுஸ் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்ததாம். "அது தெரியாம இருந்திருந்தா தூங்கியிருப்போம்மா" என்றார். நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போகப் போக வெளிச்சம் சின்னதாகி, ஒரு கட்டத்தில் சித்தப்பா அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துவிட்டாராம். ஜன்னலுக்கு முதுகு காட்டி இவர் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் அக்கில் தீவில் டூவா என்ற ஊர். 1984 புயலில் அந்த ஊர்க் கடற்கரையின் மணல் மொத்தமும் போய்ப் பாறை மட்டும் கிடந்தது. 33 வருஷம் கழித்து 2017 ஏப்ரலில் ஒரு சில நாளிலேயே மணல் திரும்பி வந்து கரை முழுக்க நிரம்பிவிட்டது. 2019-ல் மறுபடியும் போய்விட்டது. அப்பா அதற்கு ஆச்சரியப்படவே இல்லை, நம் ஊர் மணல்திட்டு எந்த வருஷம் எங்கே நகர்ந்தது என்று திரும்பிவரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று மணி நேரம்! உன் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டும்.

அதுதான் உன்னிடம் கேட்கப்போவது. அப்பா 28-ஆம் தேதி ஊருக்கு வருகிறார். ஊர் போனதும் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. கடலோர நிலத்தோற்றப் பாடம் வரும்போது உன் பிள்ளைகளைத் திருச்சிலுவைக் கோயில் மேட்டுக்கு அழைத்துப் போ, அப்பாவையும் கூட்டிக்கொள். பேச்சுவாக்கில் கேட்டுப்பார்த்தேன். "டீச்சர் கூப்பிட்டா பாக்கலாம்" என்றார். அந்த மனிதர் அப்படிச் சொன்னால் வருகிறேன் என்றுதான் அர்த்தம். போட்டோக்களைப் பெரிதாக அச்சடித்து அவர் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், வகுப்பில் ஒட்டிக்கொள். வெயில் ஏறுமுன் கூட்டிப் போய்வந்துவிடு, மேட்டில் மெதுவாக ஏற விடு. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அவர் ஒருசந்தி, பசியில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவார்.

உன்
மேரி