லாரியா கிங்ஸ்டன் பத்தி உனக்கு

மாப்ள செல்வம்,

நல்லாருக்கியா? தங்கச்சியும் புள்ளைங்களும் எப்படி இருக்காங்க? இங்க அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து விடுற வேலை என்னோடது, அத விட்டு நகர முடியல, அதான் உனக்கு எழுத லேட்டாயிடுச்சு. போன லெட்டர்ல கேட்டிருந்தல்ல, ஒரு ஃபுட்பால் வேர்ல்ட் கப் கூட ஆடாத கானா விங்கர் லாரியா கிங்ஸ்டன ஏன் இப்படி தூக்கி வச்சுப் பேசுறன்னு.

முதல்ல அந்தக் காலத்த நெனச்சுப் பாரு. கானா முதன்முதலா வேர்ல்ட் கப் போனதே 2006லதான். அதுக்கு சில மாசம் முன்னாடி எகிப்துல ஆப்பிரிக்கா கப், செனகல் மேட்ச்ல எதிராளியோட மோதி லாரியா ரெட் கார்டு வாங்கிட்டான், வேர்ல்ட் கப்புக்கு ஜெர்மனி போற லிஸ்ட்ல பேர் இல்ல. ஆனா கோல்கீப்பரா போனது யாரு? அவன் அண்ணன் ரிச்சர்ட் கிங்ஸன்! செக் குடியரச 2-0னு சாய்ச்ச அன்னிக்கு அண்ணன் கோல் போஸ்ட்ல நிக்கிறான், ரைட் விங்ல, அதாவது வலது ஓரத்துல, ஓடியிருக்க வேண்டிய தம்பி டீம்லயே இல்ல. எனக்கு இத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

அதுக்கப்புறம் அவன் ஒடிஞ்சு உக்காரல மாப்ள. இஸ்ரேல், ரஷ்யான்னு ஏற்கனவே சுத்தி வந்தவன், 2007 ஜனவரில ரஷ்யாவோட டெரெக் குரோஸ்னில இருந்து லோன்ல ஸ்காட்லாந்து ஹார்ட்ஸ் டீமுக்கு வந்தான், அப்புறம் அங்கயே நிரந்தரமா சேந்துட்டான். வந்த அடுத்த மாசமே லண்டன்ல கிரிஃபின் பார்க்ல நைஜீரியாவோட ஃப்ரெண்ட்லி. நாலு மூலைக்கும் ஒரு பப் இருந்த சின்ன பழைய கிரவுண்ட் அது. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல முதல் கோல் லாரியா, அடுத்து முன்டாரி, அப்புறம் அகோகோன்னு வரிசையா போட்டு 4-1. நைஜீரியாவ கானா ஜெயிச்சே பல வருஷம் ஆன சமயம், ஃப்ரெண்ட்லின்னு சொன்னாலும் அந்த ரெண்டு நாட்டுக்காரனுக்கு அது ஃப்ரெண்ட்லியா என்ன?

அவன் ஆட்டத்துல எனக்குப் புடிச்சது என்னன்னா, லைன ஒட்டி பந்த வாங்கி, எதிர் டீமோட ஃபுல் பேக், அதான் ஓரத்துல தடுக்குறவன், கிட்ட வர்ற வரைக்கும் விட்டுட்டு, அவன் கால எடுத்து வைக்கிற நேரம் பாத்து வெளிப்பக்கமா தட்டிட்டுப் போறது. விங்கர்னா பயமில்லாம ஆள எதிர்த்துப் போகணும், பந்த இழந்தாலும் மறுபடி கேக்கணும். இப்ப நெறைய பேரு பந்து வந்ததும் திரும்பி பின்னாடி பாஸ் போட்டுடுறாங்க, அது எனக்கு சுத்தமா ஒத்து வரல.

2008ல சொந்த மண்ணுல ஆப்பிரிக்கா கப், அதுலயும் இருந்தான், கானாவுக்கு மூணாவது இடம். சரி இனி 2010 வேர்ல்ட் கப் நிச்சயம்னு எல்லாரும் நெனச்சா, முதல் லிஸ்ட்ல பேர் இருக்கு, 23 பேரா கோச் ராஜெவாச் குறைச்சப்ப பேர் காணோம். அந்த வேர்ல்ட் கப்ல உருகுவே ஆளு சுவாரெஸ் கோல கையால தடுத்த மேட்ச், நம்ம கானா கியான் பெனால்டிய பார்ல அடிச்ச மேட்ச், அதுலயும் கோல்ல அண்ணன்தான். ரெண்டு வேர்ல்ட் கப்புலயும் அண்ணன் உள்ள, தம்பி வெளிய. இத வச்சு அவன எட போடுறது நியாயமில்லன்னுதான் நான் சொல்றேன், நாட்டுக்காக நாப்பது மேட்சுக்கு மேல ஆடின ஆளுடா அவன்.

அப்புறம் நெதர்லாந்துல விட்டெஸ் கிளப்புக்கு ஆடினான், கடைசில கானா தலைநகர் அக்ராவுக்கே திரும்பி அங்க ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் கிளப்ல ஆடி முடிச்சான். கோச்சிங்கும் வந்தான், கானா அண்டர் 17 பசங்கள பாத்துக்கிட்டான், 2024ல புர்கினா ஃபாசோகிட்ட தோத்து அண்டர் 17 ஆப்பிரிக்கா கப் வாய்ப்பு போனதும் உடனே ராஜினாமா பண்ணிட்டான். சாக்கு சொல்லாம வெலகுனது எனக்கு மரியாதையாத்தான் தோணுச்சு, ஆனா இன்னொரு வருஷம் குடுத்திருக்கலாம், பசங்களுக்கு ட்ரிப்ளிங் சொல்லித் தர அவன விட்டா ஆள் கம்மி.

அந்த நைஜீரியா மேட்ச் ஹைலைட்ஸ் தேடிப் பாரு, பாத்துட்டு அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வா. உன் பையன் இன்னும் லெஃப்ட் பேக்தான் ஆடுறானா? அவனுக்கும் காட்டு, எந்த மாதிரி ஆள மார்க் பண்ணணும்னு தெரிஞ்சுக்கட்டும்.

அன்புடன்,
ரவி