நீச்சல் மட்டும் போதும், சாந்தி

பினாங்கு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம்.

கோயம்புத்தூர் வெயிலில் இரண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது லேசான வேலை இல்லைதான். அதற்காக அபாகஸ், ஹிந்தி, கையெழுத்துப் பயிற்சி, கீபோர்டு, நீச்சல் என்று ஐந்தில் சேர்த்துவிட்டாயே! பள்ளிக்கூடமே பரவாயில்லை என்று சொல்லப்போகிறார்கள். என்னைக் கேட்டால் நீச்சலை மட்டும் வைத்துக்கொள். மற்றதை நிறுத்தினால் குடி ஒன்றும் முழுகிப் போகாது.

படித்ததெல்லாம் மறந்துவிடுமே என்று கவலைப்பட்டிருந்தாய். கொஞ்சம் மறக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு பின்தங்கியிருந்தார்களாம். அதிலும் வாசிப்பைவிடக் கணக்கில்தான் இழப்பு அதிகம். எழுத்தாவது கடைப்பலகையிலோ போனிலோ கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கை வீட்டில் யார் கேட்கிறார்கள்? இப்போதெல்லாம் நாமே சில்லறை எண்ணுவதில்லை, போனைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

அதனால் பள்ளி விடுமுறை விட்டால் சௌராஸ்தா மார்க்கெட்டில் பணப்பை மகள் கையில், கூடை என் கையில். மீன் கிலோ 18 வெள்ளி (மலேசிய ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்), 650 கிராம் என்றால் எவ்வளவு என்று மீன்காரர் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட வேண்டும். முதலில் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பேரமே பேசுகிறாள்.

சின்னவன் வேறு மாதிரி. 2008இல் ஒரு காசு நாணயத்தை இங்கே நிறுத்தினார்களே, அதிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத்தை ஐந்து காசுக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 11 வெள்ளி 72 காசு என்றால் 70 கொடுத்தால் போதும்; 73 என்றால் 75. "அப்போ கடைக்காரர் நம்மை ஏமாத்துறாரா?" என்று கேட்டான். நீயே பார் என்று ரசீதுகளைக் கொடுத்துவிட்டேன். கடைசி இலக்கத்தை ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதிக் கூட்டினான். 1, 2, 6, 7இல் முடிந்தால் நமக்கு மொத்தம் ஆறு காசு லாபம்; 3, 4, 8, 9 என்றால் கடைக்கு அதே ஆறு காசு. இத்தனை வருஷமாகக் கடைக்காரரைச் சந்தேகப்பட்ட அவன் அப்பாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

உங்கள் ஊரில் இதற்குக் கரண்ட் பில் இருக்கிறது. வீட்டுக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும், இல்லையா? பெரியவனைத் தினமும் சாயங்காலம் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல். ஏசி போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் எத்தனை யூனிட் வித்தியாசம் என்று கண்டுபிடிக்கட்டும். பில் வருவதற்கு முன்னால் தொகையையும் அவனே சொல்லட்டும். ஏசியை அணைக்கச் சொல்லி உங்களை விரட்ட ஆரம்பித்தால் என்னைத் திட்டாதே.

வாசிப்புக்கு நான் மெனக்கெடுவதில்லை. மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, மீன் வாங்கிய கையோடு ஆளுக்கு ஒன்று. பேய்க்கதையை எடுத்தாலும் வாய் திறக்க மாட்டேன். 'போரடிக்குது' என்று வந்து நின்றால் அதற்கும் பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக எதையாவது கலைத்துப் போட்டு விளையாடுகிறார்கள்.

பில் வந்ததும் பெரியவன் கணக்கு எத்தனை ரூபாய் பிசகியது என்று எழுது. அப்புறம், டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, தேதியையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
வள்ளி