விமானமே போகாத வழிக்கு விமான நேரம் எதற்கு?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் சேவைகளை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தூரக் கணக்கில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே ஆகக் குறுகிய வழியை அளக்கிறீர்கள், அது சரிதான். அதற்குப் பக்கத்தில் போடுகிறீர்களே நேரம், அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஈஸ்டர் தீவையும் செயின்ட் ஹெலினாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பசிபிக்கில், மற்றது தெற்கு அட்லாண்டிக்கில். நடுவில் தென் அமெரிக்கா முழுசாகக் கிடக்கிறது. நேர்த்தூரம் சுமார் 10,500 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் பதின்மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? காலையில் ஏறினால் ராத்திரி இறங்கிவிடலாம் என்றுதானே? ஆனால் அந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாது.

நிஜத்தில் போகிறவர் முதலில் 3,750 கிலோமீட்டர் போலப் பறந்து சிலி நாட்டின் சாண்டியாகோவுக்கு வரவேண்டும். அங்கிருந்து விமானம் மாறி, அட்லாண்டிக்கைக் கடந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். அப்புறம் வந்த திசையிலேயே திரும்பி மறுபடி கடலுக்குள், செயின்ட் ஹெலினாவுக்குப் போகவேண்டும். இந்தக் கடைசி விமானம் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். வழியில் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். தீவில் இறங்க முடியாமல் போனால் திரும்பி வர எண்ணெய் இருக்கவேண்டுமே. அங்கே காற்று அப்படி. 2016இல் திறக்க இருந்த விமான நிலையத்துக்கு, ஓடுபாதை அருகே சட்டென்று மாறும் காற்றினால், 2017 அக்டோபரில்தான் பயணிகள் சேவை வந்தது. இதில் எதுவும் உங்கள் பதின்மூன்றரை மணிக்குள் இல்லை.

குட்டித் தூரத்திலும் இதே கோளாறுதான். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் 2 நிமிடம். காற்று உதவினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடுவார்கள். அரை மணி சேர்க்கும் சூத்திரமோ அதற்கும் அரை மணி நேரம் என்கிறது! ஜெட் விமானத்துக்குப் போட்ட கணக்கைச் சின்ன ஐலாண்டர் விமானத்தின் தலையில் கட்டினால் வேறென்ன வரும்?

தூரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நேரடிச் சேவை இல்லாத இடத்தில் மட்டும் நேரத்தை எடுத்துவிட்டு, 'நேரடி விமானம் இல்லை' என்று எழுதுங்கள். எங்கெங்கே மாறவேண்டும், எந்தெந்தக் கிழமை விமானம் என்று காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவுக்கு எதிர்காற்றில் போக ஆகும் நேரம், திரும்பும்போது ஆவதைவிட அதிகம்.

எல்லாரும் வேடிக்கைக்காக இந்த எண்களைத் தேடுவதில்லை. செயின்ட் ஹெலினாவில் சிறப்புச் சிகிச்சை தேவைப்படும் பலரைத் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் அனுப்புகிறார்கள். அப்படிப் போன ஒருவரைப் பார்க்கத் தீவிலிருந்து கிளம்புகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது, அடுத்த விமானம் எந்தக் கிழமை என்பது. தயவுசெய்து அதை முதல் வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எண்ணை நம்பித் திட்டம் போடும் பயணி